காலண்டரில் சிவப்பு மை இல்லாத நாள்கள்: வீட்டோடு கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் தாமாகவே வந்து வீட்டைக் கிளப்பிவிடும். லீவு உண்டு, புதுத்துணி உண்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம் உண்டு. அவற்றுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் நூற்றுக்கணக்கான சின்ன நாள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஐ.நா. சபையின் பட்டியலில் மட்டும் 200க்கும் மேற்பட்ட நாள்கள் இருக்கின்றன. அதற்கு வெளியே தேங்காய்க்கு ஒரு நாள், இடது கைக்காரர்களுக்கு ஒரு நாள், போஸ்ட் கார்டுக்கு ஒரு நாள், நிழலே விழாத ஒரு நாள் என்று நிறைய இருக்கிறது.

இவற்றில் சிலவற்றையாவது வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு பலூனும் கேக்கும் தேவையில்லை. ஒரு நாளுக்கு ஒரே ஒரு செயல், வருடா வருடம் அதே செயல். பிள்ளைகளுக்கு அது போதும். "இன்னிக்கு அதானே செய்யணும்?" என்று அவர்களே கேட்கத் தொடங்கும்போது அந்த நாள் உங்கள் வீட்டுப் பண்டிகையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சலித்து எடுங்கள்

ஒரு நாளை அறிவிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. செப்டம்பர் 19 அன்று உலகில் பல இடங்களில் மக்கள் கடற்கொள்ளையர் மாதிரி பேசி விளையாடுகிறார்கள். 1995இல் ஜான் பவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள் விளையாட்டாக ஆரம்பித்தது அது. 2002இல் டேவ் பேரி என்ற பத்திரிகையாளர் தன் பத்தியில் எழுதியதும் ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. இப்படி நட்பில் பிறந்த நாளும் உண்டு, சரக்கை விற்பதற்காகக் கம்பெனிகள் கிளப்பிவிட்ட நாளும் உண்டு. அதனால் எந்த நாளை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அந்தத் தேதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா? பிள்ளை "ஏன் இன்னிக்கு?" என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்ல முடிய வேண்டும். அடுத்தது, அன்று கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் அனுப்புவதோடு முடிந்துபோகும் நாள் வீட்டுக்கு உதவாது. மூன்றாவது, கடைக்குப் போய் எதையாவது வாங்கினால்தான் கொண்டாட முடியுமா? ஆம் என்றால் அந்த நாளை விட்டுவிடுங்கள். இந்த மூன்றையும் தாண்டி வருபவை சொற்பம்தான். அது நல்லதே, முதல் வருடத்துக்கு நான்கைந்து நாள் போதும். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வைத்தால் வீட்டில் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது, மூன்றாவது மாதமே எல்லாம் நின்றுபோகும். பரீட்சை நடக்கும் மார்ச்சிலும் பண்டிகைகள் நெருக்கும் ஐப்பசியிலும் நேரம் பிடிக்கும் எதையும் திணிக்காதீர்கள்.

குறித்து வைப்பது

போனில் நினைவூட்டல் வைக்கலாம். ஆனால் அது ஒருவருக்கு மட்டும்தான் அடிக்கும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். வருடத் தொடக்கத்தில் அந்தத் தாள்கட்டைத் தூக்கிப் பிடித்து, தேர்ந்தெடுத்த தேதிகளில் பென்சிலால் ஒரு சொல் மட்டும் எழுதி வையுங்கள்: "நிழல்", "இடது கை", "தேங்காய்". ராகு காலம், எமகண்டம் அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். இதைவிட முக்கியம், முந்தின நாள் தாளிலும் ஒரு புள்ளி வைப்பது. நூல் எடுத்து வைக்க வேண்டும், கார்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அன்று காலையில் நினைவுக்கு வந்தால் பயனில்லை.

தேதி கிழிக்கும் உரிமையை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுத்துவிடுங்கள். எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துக் கத்துவதே பாதிக் கொண்டாட்டம்.

எதிலிருந்து தொடங்குவது: நிழலில்லா நாள்

என்னைக் கேட்டால் எல்லா வீட்டிலும் முதலில் கொண்டாட வேண்டியது இதுதான். எந்த அரசும் அறிவிக்காத நாள், சூரியன் கொண்டுவரும் நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் வருடத்துக்கு இரண்டு முறை நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. அந்தச் சில நொடிகள் செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. தமிழ்நாடு முழுக்கவும் இலங்கை முழுக்கவும் இந்த எல்லைக்குள் வருகின்றன. டெல்லிக்காரர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

சென்னையில் இது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வருகிறது. தெற்கே போகப் போக முதல் தேதி முன்னால் வரும், இரண்டாவது தேதி பின்னால் போகும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டி வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட சித்திரைப் புத்தாண்டோடு சேர்ந்து வருகிறது. உங்கள் ஊர் தேதியைப் பார்க்க இந்திய வானியல் சங்கம் ஒரு செயலியே வைத்திருக்கிறது.

நேரமும் ஊருக்கு ஊர் மாறும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஏற்ப ஓடுகிறது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சி வேளை 12 மணி தாண்டித்தான். சென்னையில் ஏப்ரல் 24 அன்று சுமார் 12.07. கோவைக்காரர்கள் இன்னும் 13 நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும்.

செய்முறை: மொட்டை மாடியில் மட்டமான இடமாகப் பாருங்கள். தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் பூசியிருக்கும் இடம் உதவாது. ஒரு தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தால் சரிவு தெரிந்துவிடும். நேர் உருளையான ஒரு பொருள் வேண்டும், பிவிசி பைப் துண்டோ பவுடர் டப்பாவோ சரி. டம்ளர் வேண்டாம். அதன் வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அந்த விளிம்பின் நிழலே குழப்பும். வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். 11.45க்கே போய்விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் பிள்ளை ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் டப்பாவின் அடியை நெருங்கி வரும். நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து டப்பாவின் அடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த நொடியில் எல்லோரும் நேராக நின்று தங்கள் காலடியைப் பார்க்க வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் நிழல் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். அதையும் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் ஆச்சரியப்படுவது அதற்குத்தான்.

தளம் கொதிக்கும், செருப்பு கட்டாயம். தலையில் துண்டு, கையில் நீர்மோர். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதை மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுங்கள், பார்க்க வேண்டியது தரையைத்தான்.

அன்று மேகம் மூடிவிட்டால் கவலை வேண்டாம். அந்த நாட்களில் சூரியனின் இடம் ஒரு நாளைக்குச் சுமார் மூன்றில் ஒரு பாகைதான் நகர்கிறது. மறுநாள் பார்த்தால் 30 செ.மீ. பைப்பின் நிழல் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீசின் கதையைச் சொல்லுங்கள். எகிப்தின் சியீன் நகரில், அதாவது இன்றைய அஸ்வானில், கோடையின் மிக நீண்ட பகலில் கிணற்றின் அடி வரை வெயில் விழுகிறது, அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது என்பதை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர் அவர். நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அப்படியானால் பூமியின் சுற்றளவு இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப் போல ஐம்பது மடங்கு. வேறு ஊரில் சித்தப்பா வீடு இருந்தால் அங்கேயும் அதே உச்சி வேளையில் ஒரு பைப்பை நிறுத்தி நிழலை அளந்து போனில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வீடு சேர்ந்து கொண்டாடிய மாதிரியும் ஆகும்.

ஆகஸ்ட் 13: இடது கை

பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். 1976 முதல் ஆகஸ்ட் 13 அவர்களுக்கான நாள். நம் வீடுகளில் இந்த நாளுக்கு வேலை அதிகம். சோத்துக்கை, பீச்சாங்கை என்று கையைப் பிரித்துப் பழகிய சமூகம் நாம். "அந்தக் கையால எழுதாதே" என்று முட்டியில் அடி வாங்கி வலது கைக்கு மாறிய பெரியவர்கள் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை அன்று பேச வையுங்கள்.

செயல் எளிது. மாலையில் ஒரு மணி நேரம் வலது கைக்காரர்கள் எல்லோரும் இடது கையால் வேலை செய்ய வேண்டும். கையெழுத்துப் போடுவது, பூட்டைத் திறப்பது, பந்து எறிவது, நான்கு புள்ளிக் கோலம் போடுவது. முக்கியமாகக் கத்தரிக்கோல். தாளில் ஒரு வட்டம் வரைந்து அதை இடது கையால் வெட்டச் சொல்லுங்கள். தாள் மடங்கி நழுவும், வெட்டாது. சாதாரணக் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளையும் வலது கை அழுத்தும்போது அவை ஒன்றோடொன்று நெருங்கும். அதே அழுத்தம் இடது கையிலிருந்து வந்தால் அலகுகள் விலகும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். வகுப்பில் "உனக்கு ஒழுங்கா வெட்டத் தெரியல" என்று திட்டு வாங்கும் பிள்ளையின் சிரமம் அந்த ஒரு வட்டத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். பேனா மை காயும் முன்பே கை அதன் மேல் தேய்ப்பது, ஸ்பைரல் நோட்டின் கம்பி மணிக்கட்டில் குத்துவது, வலப்பக்கம் மட்டும் பலகை வைத்த நாற்காலி, இவற்றையும் காட்டலாம்.

சாப்பிடுவதையும் கொடுத்து வாங்குவதையும் இந்த விளையாட்டில் சேர்க்க வேண்டாம். பெரியவர்களின் மனம் சங்கடப்பட்டால் நாள் கெட்டுவிடும். அவர்கள் அருகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்ப்பதுதான் வேண்டும். வீட்டில் இடது கைப் பிள்ளை இருந்தால் அன்று நடுவர் அவன்தான், அல்லது அவள்தான். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஜூலை 22: தோசைக்கல்லும் நூலும்

வட்டத்தின் சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் சுமார் 3.14 வரும், அந்த எண்தான் பை (π). மார்ச் 14ஐ உலகம் பை நாளாகக் கொண்டாடுகிறது. 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தில் லாரி ஷா தொடங்கியது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் அவர்களுக்கு அது 3/14. நாம் தேதியை முதலில் எழுதுபவர்கள். நமக்கு ஜூலை 22தான் பொருத்தம்: 22/7. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே பின்னம். பரீட்சைக் காலமும் இல்லை.

அன்று வட்டமாக உள்ள எதையும் அளக்கலாம். நூலைச் சுற்றிப் பிடித்து ஸ்கேலில் வைக்கும்போது நூல் இழுபடும், தையல் டேப் இருந்தால் நல்லது. 28 செ.மீ. குறுக்களவு உள்ள தோசைக்கல் என்றால் சுற்றளவு 88க்குப் பக்கத்தில் வரும். 21 செ.மீ. தட்டுக்கு 66. வளையல், சில்வர் டப்பா மூடி, சைக்கிள் சக்கரம் என்று போகட்டும். சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளப்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எதை அளந்து வகுத்தாலும் மூன்றும் கொஞ்சமும்தான் வரும். 3.1 வந்தாலும் 3.2 வந்தாலும் திருத்த வேண்டாம், அளவில் பிசகு எங்கே வந்தது என்று அவர்களே தேடட்டும். ராத்திரிக்குத் தோசை. கல்லில் யார் ஊற்றியது நல்ல வட்டம் என்று டேப்பை வைத்தே முடிவு செய்யலாம்.

அக்டோபர் 1: போஸ்ட் கார்டு

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியானது. இந்தியாவுக்கு 1879இல் காலணா விலையில் வந்தது. அதை நினைத்து இன்றும் அக்டோபர் 1 அன்று கார்டு எழுதுகிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கார்டு, சொந்தக்காரர் ஒருவருக்கு. ஒரே ஒரு கவனம்: அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, தபால் நிலையம் மூடியிருக்கும். கார்டுகளை முந்தின வாரமே வாங்கி, 1ஆம் தேதி கடைசி எடுப்புக்கு முன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவது எப்படி, பெறுநர் முகவரியை எந்தப் பக்கம் எழுதுவது, பின்கோடு எதற்கு என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் புதிய விஷயம். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. தமிழ்நாட்டுக்கு எல்லாமே 6இல் தொடங்கும். நல்ல செய்தி சொல்லும் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கத்தைப் பாட்டியைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அட்டையில் இடம் குறைவு, அதனால் பிள்ளைகள் "நல்லா இருக்கோம், நல்லா இருங்க" என்று நிறுத்திவிடுவார்கள். "நம்ம வீட்டில் இந்த வாரம் நடந்த ஒரு விஷயம்" எழுதச் சொன்னால் கார்டு நிறையும். போய்ச் சேர எத்தனை நாளானாலும் ஆகட்டும், அந்தக் காத்திருப்பைப் போனில் கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

சுருக்கமாகச் சில

செப்டம்பர் 2 உலகத் தேங்காய் நாள். ஆசிய பசிபிக் தேங்காய் சமூகம் 1969இல் தொடங்கப்பட்ட தேதி. குடுமியை உரித்து மூன்று கண்ணையும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கெட்டியாக இருக்கும், ஒன்று மட்டும் குச்சியால் குத்தினாலே திறக்கும். முளை வெளியே வருவது அதன் வழியாகத்தான். பிறகு வழக்கம்போல் சட்னி.

மார்ச் 30 உலக இட்லி நாள், சென்னையைச் சேர்ந்த இனியவன் முன்னெடுப்பில் 2015 முதல். அன்று பிள்ளைகளுக்கு மாவு ஊற்றும் வேலை. மார்ச் 20 சிட்டுக்குருவி நாள், 2010 முதல். கோடை தொடங்கும் நேரம் என்பதால் மாடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்க நல்ல சாக்கு. ஆனால் அன்றோடு விட்டுவிடாமல் ஆடி வரை தினமும் தண்ணீர் மாற்ற ஆள் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கடற்கொள்ளையர் நாள் நமக்கு ஒட்டாது, அதன் யோசனை நன்றாக ஒட்டும். செப்டம்பர் 19 ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லோரும் தாத்தா பாட்டி ஊர்ப் பேச்சில் மட்டும் பேச வேண்டும். அம்மா வழி நெல்லை, அப்பா வழி கொங்கு என்றால் ஒரு பக்கம் "ஏல, இங்கன வா", இன்னொரு பக்கம் "சாப்டுங்க கண்ணு" என்று வீடு களைகட்டும். கேலியாகப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: அந்த ஊர்ப் பெரியவரையே போனில் அழைத்து, உச்சரிப்பைத் திருத்தச் சொல்வது.

தேதி இல்லாத நாள்கள்

இரண்டாம் வருடம் உங்கள் வீட்டுக்கே உரிய ஒரு நாளைச் சேருங்கள். அதற்குத் தேதி இருக்க வேண்டும் என்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அந்த முதல் நல்ல மழை அன்று வெங்காய பஜ்ஜி என்று முடிவு செய்துவிட்டால், பிள்ளைகள் ஐப்பசி பிறந்ததுமே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கடையில் முதல் மாம்பழம் வந்த நாள், தொட்டியில் வைத்த மல்லி முதல் பூ பூத்த நாள், இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் என்று எதுவானாலும் சரி. எது நல்ல மழை, எது தூறல் என்று வீட்டில் நடக்கும் சண்டை தவிர்க்க முடியாதது. தீர்ப்புச் சொல்ல ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள்.

ஆட்களை எப்படிச் சேர்ப்பது

டீன் ஏஜ் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். வற்புறுத்தாதீர்கள், வேலை கொடுங்கள். நிழல் நாளில் வீடியோ எடுப்பது, பை நாளில் அட்டவணை போடுவது மாதிரி பொறுப்பானது. தாத்தா பாட்டிக்குக் கௌரவப் பார்வையாளர் இடம் வேண்டாம். தேங்காய் உரிக்க, மஞ்சள் தடவ, கதை சொல்ல அவர்கள்தான் தேவைப்படுகிறார்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அப்பாவோ அம்மாவோ அன்று இல்லாவிட்டால் அவர்கள் பங்கைத் தட்டில் எடுத்து வைப்பது போல ஒரு வேலையையும் விட்டு வையுங்கள்: அளக்காத ஒரு வளையல், வெட்டாத ஒரு வட்டம்.

போட்டோ எடுங்கள், ஸ்டேட்டஸ் போடுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். அன்றே போட்டால் எல்லோர் கவனமும் யார் பார்த்தார்கள் என்பதற்குப் போய்விடும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிழல் நாள் பக்கத்தில் தேதி, நேரம், மேகம் இருந்ததா, யார் யார் வந்தார்கள். அடுத்த வருடம் அதே பக்கத்தில் கீழே எழுத வேண்டும் என்பதால் இடம் விட்டு எழுதுங்கள். ஒரு நாள் தவறிப்போனால் பக்கம் காலியாகவே இருக்கட்டும், ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.

டிசம்பர் 22: ராமானுஜன் நாளும் கணக்கு முடிப்பும்

1887இல் ஈரோட்டில் ராமானுஜன் பிறந்த தேதி இது. தேசிய கணித நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று எல்லோருமாக உட்கார்ந்து, இந்த வருடத்தில் எது பிடித்தது, எது இழுவையாக இருந்தது என்று ஓட்டெடுப்பு நடத்தி, ஒன்றை நீக்கி ஒன்றைச் சேர்க்கலாம். பிள்ளைகளின் ஓட்டுக்கும் பெரியவர்கள் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு.

அன்றைய செயல் தெருவில். ராமானுஜனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன்: 12இன் கனமும் 1இன் கனமும், 10இன் கனமும் 9இன் கனமும். மாலையில் கடைத்தெரு வரை நடந்து போகும்போது எதிரே வரும் ஆட்டோ, பைக், லாரி எதுவானாலும், அதன் நான்கு இலக்க எண்ணைப் பற்றி ஆளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்பதால் வகுபடும், திருப்பி எழுதினாலும் அதே எண், பெரியப்பா பிறந்த வருடம், எதுவும் செல்லும். 3025 வந்தால் விடாதீர்கள்: 30ஐயும் 25ஐயும் கூட்டினால் 55, 55ஐ 55ஆல் பெருக்கினால் மறுபடி 3025. 1729 எண் போட்ட வண்டியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு என்ன பரிசு என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.